நின்றால் விட்டுவிடும் கால் வலி!

நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. நின்றால் இரண்டே நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி அதே வலி! உங்களுக்கோ, உங்கள் வீட்டுப் பெரியவருக்கோ இப்படி இருக்கிறதா? "வயசாச்சு, வாதம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூர். அங்கே சாமை விதைத்துப் பிழைக்கும் பெரியவர் ஒருவர். அறுபதை நெருங்கும் வயது. இருபது வயதிலிருந்தே பீடி. "ரெண்டு கரண்டு கம்பத்துக்கு மேல நடக்க முடியலீங்க ஐயா. ஆடுசதை கல்லாட்டம் ஆயிடுது" என்றார். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் 80 வகை வாத நோய்களைப் படித்தவன் நான். மணிக்கட்டில் நாடி பார்த்தேன்; வாதம் என்று முடிவு கட்டினேன். தைலம் கொடுத்து, "சுட்ட செங்கல் மேல எருக்கிலையை வச்சு ஒத்தடம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் போனால், குதிகாலில் கொப்புளம் உடைந்து புண்! அன்றுதான் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. உள்கணுக்காலுக்குப் பின்னால் துடிப்பே தெரியவில்லை. நாடி பார்க்கும் பத்து இடங்களில் குதிச்சந்தும் ஒன்று என்று பரீட்சையில் எழுதியவன், பார்க்க மறந்திருந்தேன்.

இது வாதமல்ல, காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. நடக்கும்போது தசைக்குப் பல மடங்கு இரத்தம் தேவை. சுருங்கிய குழாயால் அவ்வளவு கொடுக்க முடிவதில்லை. தசை வலியால் கத்துகிறது. நின்றால் தேவை குறைகிறது, வலியும் அடங்குகிறது. 1831-ல் பிரான்சில் ஒரு கால்நடை மருத்துவர் இதை முதலில் குதிரையிடம்தான் கண்டு எழுதினார். மனிதரிடம் ஷார்கோ என்ற டாக்டர் எழுதியது 1858-ல். புகையிலை, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவையே முக்கியக் காரணங்கள். நாற்பது வயதுகூட ஆகாத பீடிக்காரர்களின் கால், கை விரல்களைக் கருக்கிவிடும் இன்னொரு வகையும் உண்டு. அதை 1908-ல் விவரித்த பர்ஜர் என்பவர் பெயராலேயே இன்றும் சொல்கிறார்கள்.

மலைக்காரர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஏறும்போது அதிகமா, இறங்கும்போது அதிகமா? ஏறும்போது சீக்கிரம் வலித்து, சும்மா நின்றாலே விட்டுவிட்டால் இரத்தக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். இறங்கும்போது அதிகமாகி, உட்கார்ந்தால் அல்லது குனிந்தால்தான் விடும் என்றால், பெரும்பாலும் முதுகுத் தண்டில் நரம்பு நெருக்கம். ஆனால் இது ஒரு துப்பு மட்டுமே. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள்; 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் கெட்டிப்பட்டு, இந்தக் கணக்கு நன்றாக இருப்பது போல ஏமாற்றவும் செய்யும்.

பெரியவரைக் கீழே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். இருதயத்தையும் சோதித்து, மாத்திரை கொடுத்து, "புண் ஆறினதும் தினம் நடங்க" என்றாராம் டாக்டர். பெரியவர் சிரித்துவிட்டார். "நடந்தா வலிக்குதுன்னு போனா, நடங்கறாரே!"

டாக்டர் சொன்னதுதான் சரி. ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப் 1898-லேயே இதைச் சொன்னார். 1966-ல் டென்மார்க் மருத்துவர்கள் இருவர் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். பயிற்சியால் அடைப்பு கரைந்து போவதில்லை. வரும் கொஞ்ச இரத்தத்திலிருந்தே பிராணவாயுவைச் சிக்கனமாக எடுத்துக்கொள்ளத் தசை பழகுகிறது. பக்கத்துச் சிறு குழாய்களும் கைகொடுக்கின்றன. வலிக்கிறதே என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் தசை மெலிந்து, ஒரு கம்பம்கூட நடக்க முடியாமல் போகும்.

எப்படி நடப்பது? வலியை அணாக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தாங்கவே முடியாதது பதினாறு அணா. முதலில் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் வலி வருகிற வேகத்தில் நடங்கள். பன்னிரண்டணா வலி வந்ததும் நில்லுங்கள். வலி முழுசாகப் போகும்வரை நிற்கலாம், உட்காரலாம். பிறகு மறுபடி நடை. நடை, நிறுத்தம் எல்லாம் சேர்த்து முதலில் அரை மணி நேரம். போகப் போக முக்கால் மணிக்கு மேல். வாரம் மூன்று நாளாவது, குறைந்தது பன்னிரண்டு வாரம். பத்து நிமிடம் வலிக்காமல் நடக்க முடிந்தால் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது லேசான மேடாகப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் டிரெட்மில்லைச் சாய்த்துத் தருவதை மலை சும்மாவே தருகிறது!

நெஞ்சு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக்கூடாது. வெறுங்காலில் நடை வேண்டாம். முள் குத்தினால் ஆறாது. ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால் சுகமாக இருக்கிறதா? விரல் கறுக்கிறதா, புண் ஆறவில்லையா? நடைப் பேச்சே வேண்டாம். வேலூர் சி.எம்.சி., சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போல இரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். திடீரென்று கால் வெளுத்து, சில்லிட்டு, மரத்துப் போனால் மணிக்கணக்குத்தான் அவகாசம், உடனே ஓடுங்கள். சூடான ஒத்தடமும், அழுத்தித் தேய்க்கும் வேலையும் இந்தக் காலுக்கு ஆகவே ஆகாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை என் போன்றவர் பேச்சைக் கேட்டு நிறுத்தவும் கூடாது.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு பெரியவர் நடந்தார். காலண்டர் தாளில் பேரன் கம்பக் கணக்கு எழுதினான். மூன்று மாதத்தில் இரண்டு கம்பம் ஐந்தாயிற்று. பீடியை மட்டும் முழுசாக விடவில்லை. ஒரு கட்டு நாலாகியிருக்கிறது. அந்த நாலும் போனால்தான் கால் தங்கும் என்று அவர் மனைவி முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தேன். "பலாப்பழம் தூக்கிட்டு ரோட்டுக்கு நடக்கலாமுங்களா ஐயா?" என்று கேட்டார். இப்போதைக்குச் சுமை பேரனுக்கு, நடை மட்டும் உங்களுக்கு என்றேன்.