கங்கை கொண்ட சோழபுரம்

பழம்பெரும் தலைநகர் ஒன்றைக் காணச் செல்வோர் கோட்டை, அரண்மனை, அங்காடி, தேரோடும் வீதி ஆகியவற்றை எதிர்பார்த்துச் செல்வது இயல்பு. அவ்வெண்ணத்தோடு கங்கை கொண்ட சோழபுரத்திற்குச் செல்வோர் முதலில் சிறிது திகைப்பர். வயல்களும் சிற்றூர்களும் சூழ்ந்த சமவெளியில், வானளாவ நிற்கும் விமானம் ஒன்றே அவர்களை எதிர்கொள்ளும். கோட்டை மதிலும் மாட மாளிகையும் அங்கே காணப்படா. எனினும், ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய ஊர் அதுவே. அங்குக் காணத்தக்கவற்றுள் சில கண்ணுக்குத் தெரிவன. பல, கருத்தூன்றி நோக்குவார்க்கே புலப்படுவன.

இவ்வூர் அரியலூர் மாவட்டத்தில், கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. முதலாம் இராசராசனின் மைந்தனாகிய முதலாம் இராசேந்திரன் இதனை அமைத்தான். அவன் படை வடக்கே கங்கைக் கரை வரை சென்று, வென்ற மன்னர்களைக் கொண்டு கங்கை நீரைச் சுமப்பித்து மீண்டது. அவ்வெற்றியால் அவன் 'கங்கை கொண்ட சோழன்' எனப் பெயர் பெற்றான். அப்பெயராலேயே புதிய நகரம் எழுந்தது. தஞ்சையில் இருந்த தலைமை, கொள்ளிடத்திற்கு வடக்கே இவ்வூருக்கு வந்து சேர்ந்தது.

நகரின் நடுநாயகமாய் விளங்குவது கங்கை கொண்ட சோழீச்சுரம். தந்தை 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி உயரமுடையது. மைந்தன் எடுத்த இவ்விமானமோ ஏறத்தாழ 180 அடி உயரமுடையது. தஞ்சை விமானம் நேர்கோடாய்ச் சரிந்து மேலே குவிவது. இது சற்றே உள்வளைந்து, நெளிந்து எழுவது. அதனைக் காணுங்கால் பெருமிதம் தோன்றும். இதனைக் காணுங்கால் எழில் தோன்றும். உள்ளே எழுந்தருளியுள்ள இலிங்கம் ஏறத்தாழ 13 அடி உயரமுடையது. முன்மண்டபத்தில், ஒரே கல்லில் செதுக்கிய ஒன்பான் கோள்களின் அமைப்பும் உண்டு. கதிரவனை நடுவே வைத்துத் தாமரையும் தேருமாய் அமைந்த அக்கல்லைப் பலர் பாராமலே கடந்து செல்வர்.

வடபுற வாயிற்படிகளின் அருகே உள்ள சிற்பம் ஒன்று நெடுநேரம் நின்று காணத்தக்கது. சிவபெருமான் உமையம்மையோடு அமர்ந்து, தம் அடியின்கீழ் இருக்கும் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகின்றார். கைகூப்பித் தலைதாழ்ந்த அடியவரின் முகத்தில் அடக்கமும் அமைதியும் குடிகொண்டுள்ளன. பல நாடுகளை வென்ற மன்னன், தன் வெற்றி இறைவன் சூட்டிய மாலையே என்பதைக் குறிப்பால் உணர்த்தவே இச்சிற்பத்தை அமைத்தான் என்று அறிஞர் சிலர் கருதுவர். கோயிலின் வடபால் சிங்கக் கிணறு ஒன்று உண்டு. பிற்காலத்தில் சுதையால் அமைத்த சிங்கத்தின் உடலினுள்ளே படிகள் இறங்கி அக்கிணற்றை அடைகின்றன.

இராசேந்திரன் தன் வெற்றிக்கு அடையாளமாய்க் கல்தூண் நாட்டவில்லை. ஏரி ஒன்றை வெட்டினான். கொண்டுவந்த கங்கை நீரை அதில் சொரிந்து, சோழகங்கம் எனப் பெயரிட்டான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீராலான வெற்றித் தூண் என்று போற்றுகின்றது. அதன் கரை 16 மைல் நீண்டிருந்தது என்றும், கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய்கள் அதற்கு நீர் கொணர்ந்தன என்றும் 1855ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலக் குறிப்பு ஒன்று கூறுகின்றது. கால்வாய்கள் தூர்ந்தன, ஏரியும் சுருங்கிற்று. எஞ்சிய பகுதி இன்று பொன்னேரி என வழங்குகின்றது.

அரண்மனை எங்கே? கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் மாளிகைமேடு என்னும் இடம் உள்ளது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் 1980ஆம் ஆண்டு முதல் அங்கு அகழ்ந்து ஆராய்ந்தனர். செங்கற்சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீன நாட்டுப் பாண்டங்களின் சில்லுகள் முதலியன வெளிப்பட்டன. பேரரசர் வாழ்ந்த மாளிகையில் எஞ்சியவை இவையே. அருகிலுள்ள சிற்றூர்களின் பெயர்களே இன்று மறைந்த நகருக்குச் சான்று பகர்கின்றன. உட்கோட்டை என்பது கோட்டையையும், ஆயுதக்களம் என்பது படைக்கலச் சாலையையும், மெய்க்காவல்புத்தூர் என்பது மன்னனைக் காத்த வீரரையும், சுண்ணாம்புக்குழி என்பது நகர் எழுப்பிய கொத்தரையும் நினைவூட்டுகின்றன.

1279ஆம் ஆண்டோடு சோழராட்சி முடிவுற, நகரின் சீரும் குன்றியது. ஆயினும் கோயிலுக்கு நேர்ந்த பெருங்கேடு பகைவரால் வந்ததன்று. 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, அதற்கு வேண்டிய கற்களுக்காக இக்கோயிலின் மதில் இடிக்கப்பட்டது. ஏழை மக்கள் அதனைத் தடுக்க இயன்றவரை முயன்றனர்; பயன் விளையவில்லை. இடித்த கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொல்லப்பட்ட உறுதியும் நிறைவேறவே இல்லை. இவற்றையும் மேற்கூறிய 1855ஆம் ஆண்டுக் குறிப்பே தெரிவிக்கின்றது. கீழைக் கோபுரத்தின் அடிப்பகுதி மட்டுமே இன்று நிற்கின்றது.

அணை கட்டுதல் நற்பணியே. உழவர்க்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், ஒரு நற்பணிக்காக மற்றொரு நற்பணியைச் சிதைத்தல் தகுமோ? நீரைத் தேக்கி நாட்டை வளம்படுத்த வேண்டும் என்று எண்ணியவன் இராசேந்திரனும் அல்லனோ? அவன் வெட்டிய ஏரி தூர்ந்து கிடக்க, அவன் எடுத்த கோயிலின் கல் வேறோர் அணைக்குச் சென்றது. அன்று அக்கற்களின் அருமையை உணர்ந்தவர் எழுத்தறிந்த அதிகாரிகள் அல்லர். பெயர் அறியப்படாத ஊர் மக்களே.

2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோயிலை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. அதனால் இன்று பல நாட்டினரும் இங்கு வருகின்றனர். விமானத்தை மட்டும் கண்டு மீள்வோர் இந்நகரைப் பாதியே கண்டவராவர். மாளிகைமேட்டின் செங்கலையும் பொன்னேரியின் கரையையும் கண்டு வருவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். மன்னன் தான் வாழ எடுத்த மாளிகை மண்ணாயிற்று; ஊரார் கூடி வழிபட எடுத்த கோயிலும், ஊர் வாழ வெட்டிய ஏரியும் குறையுற்றும் நிலைத்துள்ளன. அவற்றையும் காப்பது அரசின் கடன் மட்டுமன்று. மதிலைக் காக்க முயன்ற அம்மக்களைப் போல், காணச் செல்வோர் ஒவ்வொருவரும் அக்கடனை ஏற்றல் வேண்டும்.