தண்டவாளமும் தாளமும்

இருப்புப்பாதை சரக்கை மட்டுமா சுமக்கிறது?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செடேலியா புகைவண்டியால் வளர்ந்த ஊர். தொழிலாளர் திரண்ட அவ்வூரின் மாலைப் பொழுதுக்குப் பியானோக் கலைஞர் தேவைப்பட்டனர். ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' 1899-இல் அங்கேதான் வெளியாயிற்று. இடக்கை சீராக அடி எண்ணும்; வலக்கை அடிகளுக்கு இடையே அழுத்தம் வைக்கும். இதுவே 'ராக்டைம்' இசையின் இலக்கணம். அதீத, அநாகத எடுப்புகளை அறிந்த நம் செவிக்கு இது அயலாகாது. கறுப்பின மக்களின் இசையென்று அன்று பலர் இகழ்ந்தனர். 1917-இல் ஜாப்ளின் மறைந்தார். புலிட்சர் சிறப்பு விருதோ 1976-இல்தான் வந்தது.

நம் நகரிலும் 1874-இல் வாடியிலிருந்து சிக்கந்தராபாத்துக்குப் பாதை வந்தது. 1893-இல் லாலாகுடாப் பணிமனை எழுந்தது. பன்மொழியினர் பிழைப்புத் தேடி வந்திறங்கினர். 2016-இல் மக்தா குடியிருப்பின் சுவர்களே ஓவியக்கூடமாயின.

பௌதிகம் பயிலும் நானும் ரயிலில் வந்தவனே. நம் சங்கக் கூட்டங்களில் தமிழ்ப் பாடல் கேட்டு மகிழ்கிறோம். விடுதியில் அடுத்த அறையில் உறையும் தெலுங்கு நண்பரின் பாட்டைக் கேட்டதுண்டா? செவிகொடாத ஊரில் கலை வளராது. அடுத்த கூட்டத்திற்கு அவரையும் அழைப்போம். இரு கையும் சேர்ந்தால்தானே இசை!