இரண்டாம் பாகம் இடறினால்...

என் மகள் படிவம் 3 மாணவி. ஜூலி ககாவாவின் ‘தி அயர்ன் கிங்’ நாவலை இரண்டே நாளில் முடித்தாள். அடுத்த பாகமான ‘தி அயர்ன் டாட்டர்’ பாதியிலேயே அலுத்துவிட்டதாம். மூன்றாவதையும் வாங்கி வைத்துவிட்டேன். என்ன செய்வது?
– வாசகி, சுங்கை பூலோ

உங்கள் மகளுக்கு ரசனை இருக்கிறது அம்மா, கவலையை விடுங்கள்!

தேவதைகளுக்கு இரும்பு ஆகாது. (ராத்திரியில் கறிக்குழம்பு கொண்டுபோனால், பேய் அண்டாமலிருக்கப் பாட்டி கூடவே ஒரு ஆணியைப் போட்டு அனுப்புவாரே, அதே கணக்குதான்.) அந்த இரும்பிலிருந்தே, மனிதரின் இயந்திரக் கனவுகளிலிருந்தே, ஒரு புதுத் தேவதைக் கூட்டம் பிறக்கிறது என்பதுதான் முதல் பாகத்தின் அழகு. முதல் பாகம் வந்த அதே 2010இல் வெளியான இரண்டாம் பாகத்தில் அந்த இரும்பு உலகம் பின்னால் போய்விடுகிறது. பனிக்காலத் தேவதைகளின் அரண்மனையில் சிக்கிய கதாநாயகி மேகன், இளவரசன் ஆஷ் முகம் கொடுக்கவில்லை என்று பக்கம் பக்கமாக அழுகிறாள். அவன் நடிக்கிறான் என்பது நமக்குப் புரிகிறது, அவளுக்குத்தான் புரியவில்லை.

மீதியைத் தாண்டிவிடச் சொல்லுங்கள். பருவங்களின் செங்கோல் களவுபோய்ப் போர் மூள்கிறது. முதல் பாகத்தில் எதிரியாயிருந்த இரும்புக் குதிரை அயர்ன்ஹார்ஸ் மேகனுக்குத் துணையாக வந்து உயிர்விடுகிறது. கடைசியில் மேகனும் ஆஷும் தேவதை உலகை விட்டே துரத்தப்படுகிறார்கள். இவ்வளவு தெரிந்தால் மூன்றாவதைத் தொடங்கிவிடலாம். ‘தி அயர்ன் குயின்’ மறுபடி இரும்பு ராஜ்ஜியத்துக்கே போகிறது. உங்கள் காசு வீணில்லை.

தாண்ட மனம் வராவிட்டால், கிரிமால்கின் என்ற அந்த வாயாடிப் பூனை வரும் பக்கங்களை மட்டும் படிக்கட்டும்.