முப்பது வயது பென்ஸ்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பழைய பென்ஸ் வாங்கப் போகிறேன் என்று சொன்னால், பயமுறுத்துகிறவர்கள் எல்லோரும் இன்ஜினைத்தான் சொல்வார்கள். ஆனால் இங்கே பேசப்போகும் 124 ரக பென்ஸில் கடைசியாகப் போவது அதுதான். 1984இல் வெளிவந்து, உலகெங்கும் 25 லட்சத்துக்கு மேல் விற்று, ஜெர்மனியில் டாக்ஸியாக ஓடியே பேர் வாங்கிய வண்டி இது. 1995இல் புனேயில் அசெம்பிள் செய்து விற்ற முதல் மெர்சிடிஸும் இதுவே. இ220 பெட்ரோல், இ250 டீசல் என்று இரண்டுமே இன்னும் நம் ஊரில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் உயிரை விடுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒயரும். அவற்றில் பெரும்பாலானதை, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். வாசலில் வைத்து மாற்ற முடியாதவை நாலைந்து உண்டு. வாங்கும்போது பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

• இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் பிரச்சினையையோ புகையையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை நின்று அடங்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்து சில நொடியில் அடங்கவில்லை என்றால் டைமிங் செயினைப் பார்க்க வேண்டும்.

• இ220 என்றால் இன்ஜின் ஒயரிங்கைக் கண்ணால் பாருங்கள். 1990களின் முதல் பாதியில் மண்ணில் மக்கும் வகை உறையை ஒயர்களுக்குப் போட்டார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான், ஆனால் இன்ஜின் சூட்டில் அது பானெட்டுக்கு உள்ளேயே மக்கிவிட்டது. இன்ஜெக்டருக்குப் போகும் கனெக்டர் பக்கத்தில் வெளிக்குழாயை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, ஒரு ஒயரை லேசாக வளையுங்கள். அப்பளம்போல் உறை உதிர்ந்து செம்பு தெரிந்தால், முழு ஒயர்க் கட்டையும் (ஹார்னஸ்) மாற்ற வேண்டும். "மிஸ்ஃபயர், பிளக் மாத்தினா சரியாயிடும்" என்று சொல்லி விற்கும் வண்டிகளில் பாதிக்கு நோய் இதுதான் என்பது என் கணக்கு. ஹார்னஸ் ஏற்கெனவே மாற்றியிருந்தால் பில்லைக் கேளுங்கள். டீசலில் பம்ப் மெக்கானிக்கல் என்பதால் இந்தத் தலைவலி குறைவு.

• ஏசியை மதிய வெயிலில், வண்டி நிற்கும்போது போட்டுப் பாருங்கள். எவாப்பரேட்டர் ஓட்டையானால் டேஷ்போர்டு மொத்தத்தையும் கழற்ற வேண்டும். "கேஸ் மட்டும் போட்டா போதும்" என்று சொன்னால், போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துக் கூப்பிடச் சொல்லுங்கள்.

• துருவைத் தேடுங்கள். அது பளிச்சென்ற கதவில் இருக்காது. பக்கவாட்டில், ஜாக்கி மாட்டும் துளையின் ரப்பர் மூடியை எடுத்து உள்ளே விரல் விடுங்கள். கதவின் கீழ்ப்பாதியை மறைக்கும் பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னாலும், பேட்டரித் தட்டுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னை வண்டி என்றால் தரைவிரிப்பையும் தூக்குங்கள். 2015, 2023 வெள்ளங்களில் மூழ்கியவை விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

• ஹைவேயில் பத்து கிலோமீட்டராவது ஓட்டி வெப்பமானி முள்ளைக் கவனியுங்கள். 80ஐ ஒட்டியோ சற்று மேலேயோ நிற்க வேண்டும். வேகமாகப் போகும்போது 60க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். "சூடு ஏறுது" என்றால் நம் ஊர் மெக்கானிக்குகள் செய்யும் முதல் வைத்தியம் அது. சூடு ஏன் ஏறியது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

• ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து டி-க்குத் தள்ளுங்கள். கியர் உடனே பிடிக்க வேண்டும். கியர் ஆயில் சிவப்பாக இருக்கலாம், கருகிய வாடை அடிக்கக் கூடாது.

வாங்கும் முன் செய்யக்கூடாதவை

• மலிவான வண்டியை வாங்காதீர்கள். கையிலிருக்கும் பணத்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் கிடைக்கும் ஆகச் சிறந்த வண்டியை வாங்குங்கள். பில் கட்டோடு வரும் சாதுவான வெள்ளை வண்டி, புதுப் பெயின்ட்டும் பெரிய அலாய் வீலும் போட்ட கறுப்பு வண்டியைவிட மேல்.

• டெல்லி வண்டியின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே 10 வருடம் தாண்டிய டீசலும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலும் ஓடுவதற்கு இருந்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, தெற்கே நிறைய வந்தன. படிவம் 28இல் தடையில்லாச் சான்று, இங்கே ஆயுட்கால வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

• ஆர்.சி.யின் தேதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயானது. இறக்குமதி வண்டிக்கு 80,000. ஆகவே புனே வண்டியா, வெளிநாட்டிலிருந்து வந்ததா என்பதை ஆர்.சி.யிலேயே உறுதிசெய்யுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, பழைய கடன் இருந்தால் படிவம் 35 என்று எல்லாவற்றையும் கையோடு வாங்குங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்ற புரோக்கர் அப்புறம் போனை எடுக்க மாட்டார்.

வாங்கியபின் செய்ய வேண்டியவை

• எல்லாத் திரவங்களையும் மாற்றுங்கள். முன்னவர் சொன்ன தேதிகளை நம்ப வேண்டாம். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப்பாதி. பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

• ஃபியூஸ்களை மாற்றுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. இந்த வண்டியில் இருப்பது இரண்டு முனையும் கூம்பிய பழைய வகை. அலுமினியம் பூத்துப்போய்த் தொடர்பு விட்டுவிடும். செம்பு ஃபியூஸ் வாங்கி, பிடிக்கும் தகடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து போட்டால், காரணமே தெரியாமல் வந்துபோகும் பல மின்கோளாறுகள் அன்றோடு நிற்கும்.

• பெட்ரோல் வண்டியில் எரிபொருள் ஹோஸ்களை மாற்றுங்கள். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1995இல் போட்ட ரப்பர் அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

• பானெட்டை நேர்க்குத்தாக நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். கீலில் அதற்கென்றே ஒரு பூட்டு உண்டு. 90 டிகிரியில் நிற்கும் பானெட்டுக்கு அடியில் இடுப்பு வலிக்காமல் வேலை பார்க்கலாம். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் மெக்கானிக்கையும் மனிதனாக நினைத்தார்கள் என்று எனக்குத் தோன்றும் இடம் அது.

• உதிரிபாகத்தைப் பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்கள். சேசிஸ் எண்ணைக் கொண்டு சரியான நம்பரை எடுக்கலாம். பென்ஸ் டப்பாவே வேண்டும் என்பதில்லை. சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், ஃபில்டருக்கு மான், மின்சாமானுக்கு பாஷ் போதும். சில பாகங்களில் மூன்றுமுனை நட்சத்திரம் இருந்த இடத்தை அரத்தால் தேய்த்திருப்பார்கள். கம்பெனிக்குப் போகும் அதே பொருள், டப்பாவும் விலையும்தான் வேறு. சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். கதவுக் கைப்பிடி, விளக்கு, சீட் மாதிரி தேயாத சாமானைப் பழையதாகவே புதுப்பேட்டையில் வாங்கலாம். ரப்பர் பொருளை மட்டும் அங்கே வாங்கவே வாங்காதீர்கள்.

வாங்கியபின் செய்யக்கூடாதவை

• ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு உள்ளே படிந்துவிடும். மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்து முப்பது வருடச் சூட்டில் மொறுமொறுத்திருக்கும். கிளிப்பை முரட்டுத்தனமாக இறுக்கினால் கையோடு வந்துவிடும்.

• முன்பக்க ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். லோயர் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே அழுத்திவைத்த சுருள் அது. உள்ளே விட்டு இறுக்கும் தனிக் கருவி இல்லாமல் கழற்றினால் குண்டுபோல் பாயும். சாதாரண ஸ்பிரிங் கம்ப்ரஸரும் சரிவராது. கருவி வைத்திருக்கும் பட்டறைக்குப் பணம் கொடுங்கள்.

• ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் நிறுத்தாதீர்கள். அது எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஆக்சில் ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலை இல்லை.

• டீசலின் குளோ பிளக் வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, இன்ஜின் சூடாக இருக்கும்போது முயலுங்கள். ஒடிந்தால் ஹெட்டை இறக்க நேரலாம்.

• அலாய் வீலின் போல்ட்டை ஸ்டெப்னிக்குப் போடாதீர்கள். ஸ்டெப்னி இரும்பு வீலாக இருந்தால் அதற்குக் குட்டை போல்ட்டுகள் தனியாக உண்டு. நீளமானவற்றைப் போட்டால் பின்சக்கரத்தில் உள்ளே துருத்தி ஹேண்ட்பிரேக் பாகங்களை உரசும். முப்பது வருடத்தில் அந்தக் குட்டை போல்ட்டுகள் தொலைந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை எடுக்கும் அன்றே டிக்கியைத் திறந்து, அவை இருக்கின்றனவா என்று விற்பவர் எதிரிலேயே எண்ணிப் பாருங்கள்.