மறதி வியாதி வந்தவர் தாமே முடிவெடுக்கலாமா?



காலமெல்லாம் பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும்போது சிலருக்கு மறதி வருகிறது. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். மலாய்க்காரர் இதை ஞாஞோக் என்பார்கள். டாக்டர்கள் சொல்லும் பெயர் டிமென்ஷியா. வயதான எல்லோருக்கும் இது வருவதில்லை. இது மூளையைத் தாக்கும் வியாதி. இதில் அதிகம் காணப்படும் வகையை 1906-ஆம் ஆண்டில் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் எடுத்துச் சொன்னார். அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், பக்கவாதம் இவற்றால் மூளையின் இரத்தக் குழாய்கள் கெட்டும் மறதி வரலாம்.

இப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் குடும்பத்தார் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். சிலர் "அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று, கட்டும் வேட்டியைக்கூட அவரைக் கேட்காமல் தீர்மானிக்கிறார்கள். மற்றவர்கள் "அவர் பெரியவர், அவரே பார்த்துக்குவார்" என்று அடுப்பு, மாத்திரை, பணம் எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிடுகிறார்கள். முதலாவது அவர் மனதைப் புண்படுத்தும். இரண்டாவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆரம்பக் கட்டத்தில் முடிவெடுக்கும் திறன் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. ஒரு காரியத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஆகவே "இவருக்குப் புத்தி இருக்கிறதா?" என்று கேட்பது சரியல்ல. "இந்தக் காரியத்தை இவரால் தீர்மானிக்க முடியுமா?" என்றுதான் கேட்க வேண்டும்.

நான்கு கேள்விகள்

எடுத்துக்காட்டாக, இனிப்புநீர் உள்ள ஒரு பாட்டி மாத்திரை போட்டதை மறந்து, மறுபடியும் போட்டுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் மாத்திரையைத் தானே எடுத்துக் கொடுக்க மகள் நினைக்கிறாள். பாட்டி வேண்டாம் என்கிறார். அப்போது மகள் அமைதியாகப் பேசிப் பார்க்க வேண்டியவை இவை:

1. விஷயம் புரிகிறதா? "ரெண்டு தடவை போட்டா என்ன ஆகும்மா?" என்று கேட்டால், "மயக்கம் வரும், வேர்த்துக் கொட்டும்" என்கிறார். புரிந்திருக்கிறது. சிலவகை மாத்திரைகள் அளவு மீறினால் இரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும் என்பது உண்மையே.

2. தமக்கும் அது பொருந்தும் என்று உணர்கிறாரா? "நேத்து அப்படித்தானேம்மா ஆச்சு?" என்றால், "எனக்கா? நான் மறக்கவே மாட்டேன்" என்கிறார். காலி அட்டையைக் காட்டினாலும் ஒப்புக்கொள்வதில்லை. இது பிடிவாதமோ பொய்யோ அல்ல. தம் குறையைத் தாமே அறியாமல் இருப்பது இந்த வியாதியின் ஒரு தன்மை. அதற்காக அவரைத் திட்டக் கூடாது.

3. நல்லது கெட்டதை எடைபோடுகிறாரா? மகள் எடுத்துக் கொடுத்தால் என்ன லாபம், தாமே போட்டுக்கொண்டால் என்ன சிரமம் என்று இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறதா?

4. முடிவைத் தெளிவாகச் சொல்கிறாரா? அரை மணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதையே சொல்கிறாரா?

இந்தப் பாட்டி இரண்டாவது கேள்வியில் தடுக்கி விழுகிறார். ஆகவே மாத்திரைப் பொறுப்பை மகள் எடுத்துக்கொள்வதே சரி. ஆனால் என்ன குழம்பு வைப்பது, கோயிலுக்கு எந்தச் சேலை கட்டுவது, எந்தப் பிள்ளை வீட்டில் தங்குவது என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கலாம். மாத்திரையில் தவறியதை வைத்து இதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நமக்குப் பிடிக்காத முடிவெல்லாம் வியாதி ஆகாது. நாற்பது வருஷமாக நம்பர் எடுக்கிறவர் இன்றும் எடுத்தால் அது அவர் பழக்கம். ஒரு வெள்ளியை எண்ணி எண்ணிச் செலவழித்தவர், வாசலில் வந்த ஆளிடம் நூறு நூறாகக் கொடுத்தால் அதுதான் மாற்றம். அவரை அவருடைய பழைய குணத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

முடிவெடுக்க உதவுவது எப்படி?

• பசியாறிய பிறகு, களைப்பில்லாத நேரத்தில் கேளுங்கள். டி.வி.யை அடைத்துவிடுங்கள். கண்ணாடி போட்டிருக்கட்டும்.
• ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. "என்ன வேணும்?" என்பதைவிட "இட்லியா, ரொட்டியா?" என்பது சுலபம். பொருளைக் கையில் காட்டினால் இன்னும் நல்லது.
• பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்.
• பேரப்பிள்ளைகள் முன் பரீட்சை வைப்பதுபோல் கேட்காதீர்கள்.

அதே சமயம் கேஸ் அடுப்பு, மோட்டார் சைக்கிள், களைக்கொல்லி மருந்து இவற்றில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. களைக்கொல்லியைக் குடிதண்ணீர் போத்தலில் ஊற்றி வைப்பதை இன்றே நிறுத்துங்கள்.

கைநாட்டு விஷயம்

சேமநிதிப் பணம், வீடு, நிலம் சம்பந்தப்பட்ட காகிதங்களில் பெரியவரின் கைநாட்டை அவசரமாக வாங்குவது பெரிய பாவம். பின்னால் வழக்கும் வரும். வியாதி ஆரம்பத்தில் இருக்கும்போதே, அவர் தெளிவாகப் பேசும் நாளில், குடும்பத்தார் கூடி அவர் விருப்பத்தைக் கேளுங்கள். சேமநிதியில் யார் பெயரை எழுதியிருக்கிறார் என்று அவரே சரிபார்க்கட்டும். முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதினால், 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, அந்த நேரத்தில் அவருக்குத் தெளிந்த மனம் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒன்றாக இருக்க வேண்டும். சொத்துப் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தச் சொத்து அவருக்குக் கிடைக்காது. திறன் முழுதும் போன பிறகு என்றால், 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். அது செலவும் அலைச்சலும் ஆகும்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்

மறதி எல்லாமே டிமென்ஷியா அல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, அதிகமான சம்சு, தூக்க மாத்திரை, தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டுதல் இவற்றாலும் புத்தி மந்தமாகும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று உளறினால் அது வேறு. காய்ச்சலோ, சிறுநீரில் கிருமியோ, பக்கவாதமோ காரணமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம்மைப் படிக்க வைத்தவர்கள், நமக்காக விடியற்காலை பெரட்டுக்குப் போனவர்கள் இந்தப் பெரியவர்கள். அவர்களால் முடியாததை நாம் தாங்கிக்கொள்வோம். முடிந்ததை அவர்கள் கையிலேயே விட்டுவைப்போம்.