கைலாயம் போகும் வழியில் ஒரு பாலம்

புக்கிட் லாருட் உச்சி கறுத்தாலே கமுந்திங்காரங்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணி வரும் என்று. மலையும் ஊரும் ஒரே மாநிலம். தகவல் எல்லை தாண்டி வர வேண்டியதில்லை.

இமயத்தில் அப்படி இல்லை, நண்பர்களே. காத்மாண்டு வழியாகக் கைலாயம் போகிறவர்கள் திபெத்துக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று ரசுவாகடி. 2025 ஜூலை 8 விடியற்காலையில் ஆறு திடீரெனப் பெருகி, அங்கே நேப்பாளத்தையும் சீனாவையும் இணைத்த நட்புறவுப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. திபெத் பக்கம் பனியாற்றின் மேல் தேங்கியிருந்த ஏரி வடிந்ததுதான் காரணம் என்று, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் பிறகுதான் சொன்னார்கள்.

மேலே ஒரு நாடு, கீழே இன்னொரு நாடு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 1983-இல் காத்மாண்டுவில் ‘இசிமோட்’ என்ற மலை மேம்பாட்டு மையம் தொடங்கியது. இந்தியா, சீனா, நேப்பாளம், பாகிஸ்தான் உட்பட 8 நாடுகள் அதில் உறுப்பினர்கள். வெப்ப உயர்வு 1.5 டிகிரியோடு நின்றாலும், 2100-க்குள் இமயப் பகுதிப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று 2019-இல் அது வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

பொறியியல் மாணவனாகப் பார்த்தால், நீர்மட்ட உணர்கருவி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அது காட்டும் எண்ணைப் பக்கத்து நாட்டுக்கு நேரத்தோடு அனுப்புவதுதான் கஷ்டம். பிரம்மபுத்திராவின் வெள்ளத் தரவைத் தர 2002-லேயே சீனா இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டது. டோக்லாம் தகராறு நடந்த 2017-இல் தரவு வரவில்லை என்றது இந்தியா. நிலையங்களைப் புதுப்பிக்கிறோம் என்றது சீனா. மறுபடி வந்தது 2018-இல்தான். மழை அந்த வருஷமும் பெய்தது.