கரும்பலகையா, பெட்டியா, செல்போனா?

நடத்திய பாடத்தை ஒரே மூச்சில் பத்து முறை சொல்ல வைப்பதைவிட, அதே பத்தை நாள் விட்டு, வாரம் விட்டுக் கேட்டால் அதிகம் நிலைக்கும். ஜெர்மனியின் எபிங்ஹவுஸ் தன் நினைவையே சோதித்து 1885-ல் எழுதிவைத்த சங்கதி இது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆசிரியருக்கு மிச்சமிருக்கும் கேள்வி, எப்படிக் கேட்பது என்பதுதான்.

பிள்ளைகள் ஒழுங்காக வருகிற ஆறாம் வகுப்புக்கு மேல் கரும்பலகையே போதும். பீரியட் தொடங்கியதும் ஐந்து கேள்வி: இரண்டு நேற்றையது, இரண்டு போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. எல்லாரும் எழுதி முடித்த பிறகே விடை. கோரஸாகச் சொல்லவிட்டால் முன்பெஞ்சு சொல்லும், பின்பெஞ்சு வாயசைக்கும்.

சூளைப் பிள்ளைகளுக்கு இது சரிப்படாது. ஒடிசாவிலிருந்து பெற்றோரோடு செங்கல் சூளைக்கு வருகிறவர்கள் கல்வியாண்டின் நடுவில்தான் வகுப்பில் உட்காருகிறார்கள். போன மாதக் கேள்வி அவர்களுக்கு ஏது? இங்கே செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் பிரபலமாக்கிய அட்டைப்பெட்டிக்கே என் ஓட்டு. பழைய கல்யாணப் பத்திரிகையை நாலாக வெட்டுங்கள். ஒரு பக்கம் குடத்தின் படம், மறுபக்கம் ‘குடம்’. ஸ்வீட் பாக்ஸில் மூன்று அறை: தினமும், மூன்று நாளுக்கொரு முறை, வாரம் ஒரு முறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு, தப்பினால் முதல் அறைக்கு. செயல்வழிக் கற்றல் அட்டைகளைக் கையாண்டவர்களுக்குப் பழகிய வேலைதான். ஆனால் அதன் கற்றல் ஏணியில் பிள்ளை மேலே ஏறிப் போகும், இங்கே முடித்த அட்டையும் திரும்ப வரும். 2022-ல் இதே மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு ஏற்கெனவே இருப்பதால், அரும்புக் குழு நேரத்தில் இதைச் செருகலாம். நாற்பது பேருக்கும் பெட்டி கொடுத்தால் சந்தைக்கடைதான்; தேவைப்படுகிற ஏழெட்டுப் பேருக்குக் கொடுங்கள். ஊர் திரும்பும்போது பெட்டியும் அவர்களோடு போகட்டும்.

செல்போன் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவருக்கு. 2006-ல் வந்த ஆங்கி செயலி ஆண்ட்ராய்டில் இலவசம். எந்த அட்டை என்றைக்கு என்ற கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். வெர்னியரின் மீச்சிற்றளவு, வெல்டிங் குறியீடுகள் போன்றவை இதற்குத் தோதானவை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லமாட்டேன்: வீட்டில் இருக்கும் ஒரே போனும் அப்பாவோடு சிப்காட் ஷிஃப்டுக்குப் போய்விடும். ஐடிஐ மாணவரும் செயலியை ஒரு வாரம் திறக்காவிட்டால் பாக்கி அட்டைகள் மலைபோல் குவியும். அதனால் ஒரு நாளுக்குப் புதிய அட்டை ஐந்துக்கு மேல் வேண்டாம்.